கூரையை இறக்குவது எப்படி: 1932 ஃபோர்டு கூப்பேயைச் சீரமைத்து ‘சாப்’ செய்ய முழு வழிகாட்டி

ஒரு 1932 ஃபோர்டு கூப்பேயின் (இரண்டு கதவு கொண்ட மூடிய காரின்) கூரையைத் தாங்கும் தூண்களில் மூன்று அங்குலத்தை அறுத்து எடுத்துக் கூரையை இறக்குவது, அதாவது ‘சாப்’ செய்வது, ஒரு நாள் வேலை. அதற்கு முன்னால் உடலைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். பின்னால் கதவு, கண்ணாடி, தகடு என்று அதைவிட அதிகம் ஆகும். பாதியில் நின்று தார்ப்பாய்க்குள் கிடக்கிற கார்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: அறுக்கும் நாள் அவசரமாக வந்துவிட்டது. அதனால் இந்த வழிகாட்டியில் ரம்பத்தைக் கையில் எடுக்கவே கொஞ்ச நேரமாகும்.

முதலில், இதை ஏன் செய்தார்கள் என்று பார்த்துவிடுவோம். எத்தனை அங்குலம் வெட்டலாம் என்று முடிவு செய்ய அது உதவும். கலிஃபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வேகம் பார்க்க ஓட்டினார்கள். இந்தப் பந்தயங்களை முறைப்படுத்தத் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம் 1937-ல் உருவானது. 1949-ல் யூட்டாவின் பான்வில் உப்புப் படுகையில் ‘ஸ்பீட் வீக்’ தொடங்கியது. அங்கே எதிரி காற்றுதான். 1.1 மீட்டர் அகலமுள்ள கூரையை 75 மி.மீ. இறக்கினால் காற்றில் மோதும் முகப்பில் ஏறக்குறைய 0.08 சதுர மீட்டர் குறைகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகும் என்பதால், அந்தச் சிறு அளவுக்கும் அங்கே மதிப்பு இருந்தது. பியர்சன் சகோதரர்களின் 1934 ஃபோர்டு கூப்பே இதில் கெட்டிக்காரத்தனமான வண்டி. முன் கண்ணாடி ஏழு அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்றது விதி. எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் கண்ணாடியைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள்.

தெருவில் ஓடும் கார்களுக்கு இந்த வேலை அழகுக்காக வந்தது. கலிஃபோர்னியாவில் கார்களை மாற்றி வடிவமைத்த சாம் பேரிஸ், தன் 1949 மெர்குரியின் (ஃபோர்டு நிறுவனத்தின் இன்னொரு கார் வகை) கூரையை இறக்கினார். பிறகு 1952-ல் பேரிஸ் பட்டறை பாப் ஹிரோஹாட்டாவுக்காக 1951 மெர்குரி ஒன்றை மாற்றிக் கொடுத்தது. இன்றும் இந்தக் கலைக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பச்சை மெர்குரியைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் முதல் வேலைக்கு மெர்குரியைத் தொடாதீர்கள். காரணம் எளிய கணக்கு. தூண் சாய்ந்திருந்தால், நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கூரையை நேராகக் கீழே இறக்கும்போது மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் வந்து உட்காராது. சாய்வுக்கு ஏற்றபடி விலகி நிற்கும். செங்குத்திலிருந்து 10 டிகிரி சாய்ந்த தூணில் 75 மி.மீ. வெட்டினால் விலகல் 13 மி.மீ.தான். 35 டிகிரி சாய்ந்த தூணில் 100 மி.மீ. வெட்டினால் 70 மி.மீ. அந்த 70 மி.மீட்டரைச் சரிக்கட்டக் கூரையையே குறுக்கே வெட்டி நீட்ட வேண்டும், பின் கண்ணாடியை முன்னால் சாய்க்க வேண்டும், இன்னும் என்னென்னவோ. 1932 ஃபோர்டின் தூண்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பவை. கண்ணாடிகள் எல்லாம் தட்டை. பழைய போர்ஷே 356 போல வளைந்த முன் கண்ணாடி உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களில் கண்ணாடியை அறுக்கும்போது உடைந்தால் வேறொன்று தேடி அலைய வேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை.

எந்த உடலை வெட்டுவது

1932 கூப்பேயில் இரண்டு வகை உண்டு. முன் கண்ணாடியைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று ஜன்னல், ஐந்து ஜன்னல் என்பார்கள். மூன்று ஜன்னல் வண்டியின் கதவு பின்பக்கக் கீலில் திறக்கும்; ஐந்து ஜன்னல் வண்டியில் கீல் முன்பக்கம். இங்கே சொல்வது ஐந்து ஜன்னல் வண்டிக்கு.

துருப்பிடிக்காத, யாரும் கை வைக்காத அசல் உடல் கிடைத்தால் அதை வெட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மற்றவற்றை வெட்டலாம். ஏற்கெனவே யாரோ அரைகுறையாக வெட்டி விட்டவை, கூரை நசுங்கியவை, துரு தின்றவை எல்லாம் இதற்கென்றே பிறந்த உடல்கள். யுனைட்டட் பசிபிக் நிறுவனம் ஐந்து ஜன்னல் கூப்பேயின் உடலைப் புதிய எஃகுத் தகட்டிலேயே செய்து விற்கிறது. மனசாட்சி உறுத்தாமல் வெட்ட அது நல்ல வழி.

வாங்கும்போது காகிதத்தைப் பாருங்கள். இந்த வண்டியின் எண் இடதுபக்க ஷாசிக் கம்பியில் அடிக்கப்பட்டிருக்கும். உரிமப் பத்திரத்திலுள்ள எண்ணும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், உடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும், ஷாசியோ உடலோ மாற்றப்படாத வண்டிகளுக்குத்தான். அசல் பழைய கார் ஒன்று கையில் இருந்தால் அதன் கூரையைத் தொட்ட நிமிடமே அந்தத் தகுதி போய்விடும்.

முதலில் கீழே, பிறகு மேலே

கூரையை வெட்டுவதற்கு முன் உடலின் கீழ்ப்பாதி முழுக்கச் சரியாகியிருக்க வேண்டும். துரு தின்ற அடிப்பகுதியோடு கூரையை இறக்கிவிட்டு, பிறகு தரையை மாற்றினால் கதவு இடுக்கு எல்லாம் கோணிப்போகும். மறுபடி முதலிலிருந்து.

துரு எங்கே இருக்கும்? கதவுகளின் அடி ஓரம், முன் கௌலின் (முன் கண்ணாடிக்குக் கீழே, கதவுக்கு முன்னால் உள்ள பகுதியின்) கீழ் மூலை, பின் பக்கவாட்டுத் தகடுகளின் அடிப்பகுதி, டிக்கித் தளம், உடலை ஷாசியோடு இணைக்கும் அடிச்சட்டம். ஒரு கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். பெயின்ட் மட்டும் பெயர்ந்தால் சரி, ஊசியே உள்ளே போனால் அந்தத் தகட்டை மாற்ற வேண்டும்.

பெயின்ட்டை உரிக்க மணல் வீச்சு வேண்டாம். வேகமாக வந்து மோதும் மணல் பெரிய தட்டைத் தகடுகளை நீட்டி நெளித்துவிடும். ஷாசிக்கும் அச்சுக்கும் மணல், உடலுக்குச் சோடாத் தூள் அல்லது ரசாயனக் குளியல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஷாசியைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். சக்கர இடைவெளி 106 அங்குலம், இரு பக்கமும் ஒரே அளவு. முன் மூலையிலிருந்து எதிர்ப்பின் மூலைக்கு மூலைவிட்டம் இழுத்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். 1932 ஷாசியின் பக்கவாட்டு வெளியே தெரியும்படி வடிவமைக்கப்பட்டது. அதில் பட்டி பூசி மறைத்தால் பார்த்தவுடன் தெரியும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. அந்த ஆண்டு வந்த 221 கன அங்குல ஃப்ளாட்ஹெட் (வால்வுகள் மேல்மூடியில் இல்லாமல் பிளாக்கிலேயே உள்ள) வி8 எஞ்சினின் சக்தி 65 குதிரை. எக்ஸாஸ்ட் வழிகள் பிளாக்குக்கு உள்ளேயே போவதால் சூடாகிக்கொண்டே இருக்கும். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையில் விரிசல் விடும். காந்தத் துகள் சோதனை செய்யாமல் அதில் ஒரு பைசா செலவழிக்காதீர்கள். பிரேக் அசலில் கம்பியால் இழுக்கும் வகை. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில்தான். பழைய கார்களை வேகத்துக்காக மாற்றிய அந்தக் காலத்து ஹாட் ராட்காரர்கள் அந்தப் பிரேக்குகளைக் கழற்றி முந்தைய வண்டிகளில் போட்டார்கள். நீங்களும் போடுங்கள். கூரை விஷயத்தில் பழமை பேசலாம், பிரேக்கில் வேண்டாம்.

எவ்வளவு வெட்டுவது

வண்டியை அது கடைசியில் நிற்கப்போகும் சக்கரத்திலும் உயரத்திலும் நிறுத்துங்கள். பக்கவாட்டில், கதவின் நடு உயரத்துக்குக் கேமராவை வைத்து, முடிந்தவரை தள்ளி நின்று படம் எடுங்கள். பெரிதாக அச்சிட்டு, ஜன்னல் பகுதியில் அளவுக்கேற்ற பட்டையை வெட்டி எடுத்துக் கூரையை இறக்கி ஒட்டிப் பாருங்கள். இரண்டு அங்குலம், இரண்டரை, மூன்று, மூன்றரை என்று நான்கு படங்கள். சுவரில் ஒட்டி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். முதல் நாள் பிடிக்கிற படம் பெரும்பாலும் கடைசி நாள் பிடிக்காது.

அப்புறம் உள்ளே உட்காருங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து நீங்கள் நினைத்த அளவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, தெருவையும் சிக்னல் விளக்கையும் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். குனிந்துதான் தெரிகிறது என்றால் இருக்கையை எவ்வளவு இறக்க முடியும் என்று அளந்து பாருங்கள். ஷாசியின்மேல் உடலையே இறக்கி அமர்த்தும் ‘சேனல்’ வேலையும் செய்யத் திட்டம் என்றால் தளம் மேலே வந்து கால் வைக்கும் இடம் குறையும். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் அளவை முடிவு செய்யக் கூடாது.

ஐந்து ஜன்னல் உடலுக்கு முன்னால் மூன்று அங்குலம், பின்னால் இரண்டரை அங்குலம் என்பது பலர் கைக்கொள்ளும் அளவு. அரை அங்குல வித்தியாசம் கூரையை லேசாக முன்னோக்கிச் சாய்த்து, நிற்கும்போதே வண்டிக்கு ஒரு முனைப்பைக் கொடுக்கும். நான்கு அங்குலத்துக்கு மேல் போனால் பின் ஜன்னல் தபால்பெட்டி வாய் மாதிரி ஆகிவிடும். பந்தய வண்டிக்கு அது பொருந்தும், கடைக்குப் போகிற வண்டிக்குப் பொருந்தாது.

கட்டிப்போடுவது

உடலை ஷாசியின்மேல் வைத்து, எல்லாப் போல்ட்டையும் முறுக்கி, நான்கு மூலையிலும் ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். கதவுகளை மாட்டி இடுக்குகளைச் சரிசெய்யுங்கள்: சுற்றிலும் ஒரே அளவு, 4 முதல் 5 மி.மீ. வரை. இந்த நிலையில் எடுத்த அளவுகள்தான் இனி வேதம். எழுதி வையுங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

இனி ஒரு அங்குலச் சதுரக் குழாயால் உள்ளே கட்ட வேண்டும். இடதுதூணிலிருந்து வலதுதூணுக்குக் குறுக்கே, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு நீளவாட்டில், அப்புறம் இரண்டு மூலைவிட்டம். எல்லாம் வெட்டுக் கோட்டுக்குக் கீழே. இதேபோல இன்னொரு கட்டு கூரைக்குள்ளேயே, மேல் கோட்டுக்கு மேலே. பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அறுத்த கூரை தனியாக நிற்கும்போது, நடுவில் தகடே இல்லாத வெறும் விளிம்புதான் அது, தூக்கும்போதே முறுக்கிக்கொள்ளும்.

நடுவில் தகடு ஏன் இல்லை என்றால், அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய கூரையை ஒரே தகட்டில் அழுத்தி எடுப்பது சுலபமாக இல்லை. ஓரத்தில் மட்டும் எஃகு. நடுவில் மரச்சட்டம், கம்பிவலை, பஞ்சு, மேலே ரெக்சின் போன்ற துணி. ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. ஃபோர்டு 1937-ல்தான் வந்து சேர்ந்தது. மரச்சட்டத்தையும் துணியையும் வெட்டுக்கு முன்பே முழுக்கக் கழற்றிவிடுங்கள். பழைய பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். பின்னாலிருக்கும் பெட்ரோல் டேங்கும் பட்டறைக்கு வெளியே போகட்டும்.

கோடு போட்டு அறுப்பது

லேசர் மட்டம் இருந்தால் அதை வைத்து உடலைச் சுற்றி ஒரே உயரத்தில் கீழ்க்கோடு போடுங்கள். மேல்கோடு முன்னால் 75 மி.மீ. மேலே, பின்னால் 63 மி.மீ. மேலே. மெல்லிய மாஸ்கிங் டேப்தான் கோடு. பேனாக் கோட்டின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் பிழையைக் கொண்டுவரும்.

தூண் எங்கே நேராகவும் ஒரே அகலமாகவும் இருக்கிறதோ அங்கே வெட்டுவது நல்லது. அங்கே மேல் துண்டின் குறுக்குவெட்டும் கீழ்த் துண்டின் குறுக்குவெட்டும் ஒத்துப்போகும். எல்லாத் தூணையும் ஒரே உயரத்தில் வெட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை. எடுக்கும் அளவு சரியாக இருந்தால் போதும். கீல்களின் அருகில் போகாதீர்கள். பின் ஜன்னலுக்கு இரண்டு வழி உண்டு. ஜன்னலின் நடுவே வெட்டினால் அது சிறுத்துப்போகும். ஜன்னலுக்கு மேலோ கீழோ உள்ள தகட்டில் வெட்டினால் முழு உயரத்தையும் காப்பாற்றலாம், ஆனால் வளைந்த தகட்டில் நீளமான வெல்டிங். எனக்கு ஜன்னலில் கொஞ்சம், தகட்டில் கொஞ்சம் என்று பிரித்து எடுப்பதுதான் பார்வைக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

கதவுகளை மூடியபடி வைத்து, கதவுச் சட்டத்தையும் தூணையும் ஒரே ஓட்டத்தில் அறுங்கள். 1 மி.மீ. தடிமனுள்ள வெட்டுச் சக்கரம், உள்தகடு வரும் இடத்தில் நுண்பல் ரம்பம். முதலில் மேல்கோடு. நான்கு பேர் சேர்ந்து கூரையைத் தூக்கிப் போர்வை விரித்த மேசையில் வையுங்கள். பிறகு கீழ்க்கோட்டில் அறுத்துப் பட்டைகளை எடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் எந்தத் தூண், எது மேல்பக்கம் என்று எழுதி வைக்க வேண்டும். ஒட்டுத் தகடு தேவைப்படும்போது அதே வளைவு, அதே தடிமன் உள்ள துண்டு வேறெங்கும் கிடைக்காது.

உட்கார வைப்பது

கூரையை இறக்கி வைத்தவுடன் மனம் கொஞ்சம் தளரும். எதுவும் ஒத்துப்போகாது. முன் தூணில் மேலே சொன்ன 13 மி.மீ. விலகல். கூரை மேலே போகப் போகக் குறுகும் என்பதால் பக்கவாட்டிலும் உள்ளே தள்ளி நிற்கும். பின்மூலையில் தகடு முன்னால் வந்திருக்கும்.

முன்னாலிருந்து தொடங்குங்கள். முன் தூணின் அடியில் ஒரு சிறு ஆப்பு வெட்டுப் போட்டுத் தூணைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் விலகலின் பெரும்பகுதி மறையும். கண்ணாடிச் சாய்வு கூடுவதால் தோற்றமும் மேம்படும். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் சாய்கிறதா என்று கோணமானி வைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு வித்தியாசத்துக்குக் கூரையின் மூலையில் சில அங்குல நீளத்துக்குப் பிளவு போட்டு, திருகு ஜாக்கியால் உள்ளிருந்து மெதுவாக விரித்தால் போதும். பின்மூலைதான் கடைசி, அங்கே எஞ்சும் இடைவெளிக்கு ஒட்டுத் தகடு அடித்துப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கிளாம்ப் போட்டுப் புள்ளி வெல்டிங் வையுங்கள். தூணுக்கு நான்கு புள்ளி. கதவைத் திறந்து மூடுங்கள். மூலைவிட்டத்தை அளங்கள். பத்தடி தள்ளிப்போய்ப் பாருங்கள், முன்னாலிருந்து, பின்னாலிருந்து, ஏணியில் ஏறி மேலிருந்து. புள்ளிகளை உடைத்து மறுபடி வைப்பது ஐந்து நிமிட வேலை; முழு வெல்டிங்கை உடைப்பது ஒரு வார வேலை.

வெல்டிங்

தூணுக்குள் 3 மி.மீ. தகட்டில் ஒரு உள்உறை செருகி, அதன்மேல் இரண்டு துண்டும் வந்து இணைய வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பது இந்த இணைப்புதான்.

வெளித்தகட்டுக்கு டிக் (TIG) வெல்டிங் சிறந்தது. அதன் கோடு மென்மையாக இருக்கும், சுத்தியலால் அடித்து நீட்டலாம். மிக் (MIG) வெல்டிங்கின் கோடு கெட்டியானது. அடித்தால் விரிசல் விடும், அரைத்துத்தான் எடுக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முடிவில் ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி; ஆனால் ஒன்றை வைத்ததும் அடுத்ததை ஒரு முழம் தள்ளி வையுங்கள். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே அருகில் வர வேண்டும். ஈரத்துணியால் அவசரமாக ஆற்றினால் அந்த இடம் சுருங்கிக் கெட்டியாகும். வெல்டிங் சூடு தகட்டைச் சுருக்கும். கீழே டாலியைப் (சுத்தியல் அடியைத் தாங்கும் இரும்புக் கட்டியைப்) பிடித்து, கோட்டின்மேல் மட்டும் தட்டித் தட்டி அந்தச் சுருக்கத்தை எடுங்கள். நம்மூர் டிங்கரிங் பட்டறைகளில் காதை வைத்தே இதைச் செய்கிறவர்கள் உண்டு: டாலிமேல் அடி சரியாக விழுந்தால் ‘டிங்’ என்று கேட்கும், விலகினால் ‘டப்’ என்று மந்தமாகக் கேட்கும்.

அந்தக் காலத்தில் மிச்ச மேடுபள்ளத்தை ஈயத்தால் நிரப்பினார்கள். இப்போதும் செய்யலாம், தூண் இணைப்பில் ஈயம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அரத்தால் மட்டும் ராவுங்கள். கிரைண்டர் போட்டால் ஈயத்தூள் நுரையீரலுக்குத்தான் போகும். பட்டி பூசுவதென்றால் மூன்று மி.மீட்டருக்கு மேல் வேண்டாம்.

கூரையின் நடு ஓட்டையை அசல்போலத் துணியால் மூடலாம், அல்லது பழைய ஸ்டேஷன் வேகன் கூரையிலிருந்து வெட்டிய தகட்டால் அடைக்கலாம். தகடு அடைப்பவர்கள், கூரை முழுக்க இணைந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

கதவு, கண்ணாடி, உள்பக்கம்

வேலை நிஜமாகவே நீள்வது இங்கேதான். முன் கண்ணாடிச் சட்டம் மேல்கீலில் வெளிப்புறம் திறக்கும் வகை. அதையும் அதே அளவு குறைத்து, தூண் சாய்ந்த கோணத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். ஜன்னலின் உள்பக்க அலங்காரச் சட்டங்கள், கண்ணாடி ஓடும் சேனல்கள், ரப்பர் பீடிங், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவியின் நிறுத்தம் என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியிருக்கும்.

கண்ணாடிக்கு முதலில் மெல்லிய பிளைவுட்டில் அச்சு செய்யுங்கள். அது சேனலில் தடையில்லாமல் ஏறி இறங்கி, கதவை அறைந்து மூடினாலும் ஆடாமல் இருந்தால், அந்த அச்சைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். எல்லா இடத்துக்கும் லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய) கண்ணாடியே கேளுங்கள். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் கெட்டியாக்கிய, கண்ணாடியைப் பிறகு அரை மி.மீ. கூடத் தேய்க்க முடியாது.

பெயின்ட்டுக்கு முன்னால் வண்டியை முழுக்கப் பூட்டி, எபாக்சி பிரைமர் மட்டும் அடித்து, ஓட்டுங்கள். சில மாதங்கள். கரடுமுரடான சாலையில் தூண் இணைப்பில் முடிபோன்ற விரிசல் வருகிறதா, கதவு தானாக இறங்குகிறதா, மழையில் எங்கிருந்து சொட்டுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிரைமரில் தெரிந்தால் ஒரு மாலையில் சரிசெய்யலாம். அப்புறம் பிரித்து, உப்புத்தாள் சுற்றிய நீளமான கட்டையால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, இரண்டு கலவை பெயின்ட் அடிப்பவரிடம் கொடுங்கள். உள்கூரைத் துணியையும் இருக்கையையும் பெயின்ட்டுக்குப் பிறகு தையுங்கள். இருக்கையின் உயரத்தை முடிவு செய்ய, ஓட்டப்போகிறவரையே உட்கார வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.